வெள்ளைப் பந்து கைக்குத் திரும்பாது

கேரம் போர்டில் பேர் வாங்கியவர்களுக்கென்று ஒரு திமிர் உண்டு. ஒன்று இன்னொன்றை இடித்துக் குழியில் தள்ளுகிற ஆட்டம் எதைப் பார்த்தாலும், அது தங்கள் ஆட்டத்தின் கிளை என்றே முடிவுகட்டிவிடுவார்கள். கீழவைப்பாரிலிருந்து தினமும் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவர் அப்படித்தான் பூல் ஆட்டத்துக்குள் விழுந்தார். வயது நாற்பதைத் தாண்டியது. பெயர் வேண்டாம், ஊரில் அவர் இன்னும் தலைநிமிர்ந்து நடக்க வேண்டியிருக்கிறது. மன்னர் என்று வைத்துக்கொள்வோம், கேரம் மன்னர்.

வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கிற இடத்தில், சிப்பிகுளத்தை ஒட்டி இருக்கிறது கீழவைப்பார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊர். காலைப் பூசை முடிந்ததும் கேரம் போர்டைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். ரெட் காயைப் போட்டு, கையோடு அதற்கான ஃபாலோ காயையும் போட்டுவிட்டு, பவுடர் அப்பிய விரலைச் சாரத்தில் துடைத்தபடி எழுந்து நிற்பவர் மன்னர்தான். எதிரே உட்கார்ந்தவர் டீ வாங்கித் தர வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். இத்தனை வருடத்தில் மன்னர் தன் காசில் டீ குடித்ததாக ஊரில் சாட்சி கிடையாது.

தூத்துக்குடியில் அவர் கணக்கு எழுதும் கிளியரிங் ஏஜென்சிக்குப் பக்கத்து மாடியில் ஒரு பூல் பார்லர் இருக்கிறது. ஒருநாள் மழைக்கு ஒதுங்கியவர் மேலே ஏறிப் பார்த்தார். பச்சைத் துணி விரித்த மேசை, ஆறு குழி, நடுவே பந்துகள். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "கேரம் போர்டைப் பெருசாக்கி, காயை உருண்டையாச் செஞ்சு வச்சிருக்கானுவ. விரலுக்குப் பதிலா ஒரு கம்பு. இதுல படிக்கிறதுக்கு என்னவே இருக்கு?"

தீர்ப்பை அவர் வெறும் வாயால் சொல்லவில்லை, கணக்கும் வைத்திருந்தார். கேரம் போர்டின் குழி சுமார் நாலரை சென்டிமீட்டர் அகலம், காய் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அதாவது குழிக்குள் ஒன்றரைக் காய்கூட முழுசாகப் போகாது. பூல் மேசையிலோ பந்து 57.15 மில்லிமீட்டர், மூலைக் குழியின் வாய் பதினொன்றரை சென்டிமீட்டர் அளவில். இரண்டு பந்து தோளோடு தோள் உரசிக்கொண்டு உள்ளே போகலாம். அப்படியானால் எது சுலபம்? கணக்கு எழுதுகிறவரிடம் போய்க் கேட்டால் வேறு என்ன சொல்வார்.

அவர் கணக்கில் சேர்க்காமல் விட்டது தூரம். கேரம் போர்டின் ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம்; மூலைக்கு மூலை அளந்தாலும் ஒரு மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். ஒன்பதடிப் பூல் மேசையின் ஆடும் பரப்பு 254 சென்டிமீட்டர் நீளம், 127 அகலம். இதில் ஒரு சின்ன வடிவியல் ஒளிந்திருக்கிறது. வெள்ளைப் பந்து இன்னொரு பந்தை மோதும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், மோதப்பட்ட பந்து ஏறக்குறைய ஒரு டிகிரி விலகிப் போகும். ஒரு டிகிரிதானே என்று இருந்துவிட முடியாது. அது இரண்டு மீட்டர் உருண்டு போய்ச் சேரும்போது மூன்றரை சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். குழியின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பந்துக்கு இருக்கும் சலுகையோ மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆக, ஒரு மில்லிமீட்டர் தவறினால் பந்து குழியின் உதட்டில் முட்டிவிட்டு, மன்னரைத் திரும்பிப் பார்த்துவிட்டு நின்றுவிடும்.

ஆனால் இதெல்லாம் பிறகு தெரிய வந்தது. முதல் ஆட்டத்தில் மன்னரின் முதல் அடி சுத்தமாக உள்ளே விழுந்தது. சுற்றி நின்ற கல்லூரிப் பையன்கள் "அண்ணே, சூப்பர்ணே!" என்றார்கள். மன்னர் நிதானமாக நடந்து போய், வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்தார்.

"அண்ணே, ஃபவுல்!"

"எதுக்குடே?"

"வெள்ளையைக் கையால தொடக் கூடாது."

"தொடாம அடுத்ததை எங்கேருந்து அடிக்கிறது?"

"அது எங்கே நிக்குதோ, அங்கேருந்துதான்."

முப்பது வருடப் பழக்கம் கையில் ஊறிப்போயிருக்கிறது. கேரத்தில் ஒரு அடி முடிந்ததும் ஸ்ட்ரைக்கர் கைக்கு வந்துவிடும். கோட்டின் மேல் அதை இடம், வலம் நகர்த்தி, எங்கு வசதியோ அங்கு வைத்துக்கொள்ளலாம். போன அடியில் ஸ்ட்ரைக்கர் எந்த மூலைக்கு ஓடியிருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பூலில் அந்த மன்னிப்பு இல்லை. வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றதோ அதுதான் அடுத்த அடியின் தொடக்கம். நாலு பந்துக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றாலும், மேசை விளிம்பை ஒட்டிப் படுத்துக்கொண்டாலும், அங்கே அனுப்பியவரேதான் அங்கிருந்து அடித்தாக வேண்டும்.

பூல் ஆட்டத்தில் தேறுவதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பாதிப் பதில் இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது. பந்தைக் குழியில் போடுவது ஆட்டத்தின் முன்பாதி. போட்ட பிறகு வெள்ளைப் பந்து எங்கே நிற்கும் என்பது பின்பாதி. புதிதாக ஆடுகிறவர்களுக்கு முன்பாதிதான் கண்ணில் படும், ஏனென்றால் கைதட்டல் கிடைப்பது அதற்குத்தான்.

கேரத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆட்டத்தின் சர்வதேசச் சம்மேளனமே 1988-இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயத்துக்கு 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது கிடைத்தது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கத்தோடு திரும்பினார். அவர்களெல்லாம் ஒரு காயைப் போடும்போதே அடுத்த காயை எப்படிக் கலைத்து வைப்பது என்றும் யோசித்துத்தான் அடிக்கிறார்கள். ஆனாலும் ஸ்ட்ரைக்கர் என்னவோ அவர்கள் கைக்கே திரும்பி வந்துவிடுகிறது. பூல் மேசையிடம் அந்தப் பரிவை எதிர்பார்க்க முடியாது.

எடையும் மன்னருக்கு எதிராக வேலை செய்தது. கேரம் ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கும். காய் ஐந்து, ஐந்தரை கிராம்தான். மூன்று மடங்கு கனமான ஒன்று நேராக வந்து இடித்தால், இடிபட்டது ஓடும், இடித்ததும் பின்னாலேயே போகும். பூலிலோ வெள்ளைக்கும் வண்ணப் பந்துக்கும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே எடை: 156 முதல் 170 கிராமுக்குள். சமமான இரண்டு பந்துகள் நேருக்கு நேர் மோதினால், வந்தது தன் வேகத்தை முழுசாகக் கொடுத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். மோதும் நேரத்தில் வெள்ளை உருளாமல் வழுக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பார்லர்களில் இதை 'ஸ்டாப் ஷாட்' என்பார்கள். வாழ்நாள் முழுக்கக் கனமான ஸ்ட்ரைக்கரையே சுண்டிப் பழகிய விரலுக்கு, அடித்த பொருள் அடித்த இடத்திலேயே நிற்பது ஏதோ ஆவி வேலையாகத் தோன்றும். மன்னர் முதல் தடவை பார்த்தபோது குனிந்து துணியில் பசை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

நேராக மோதாமல் பக்கவாட்டில் மோதினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒழுங்கு உண்டு. வெள்ளை வழுக்கிக்கொண்டு வந்து மோதினால், மோதப்பட்ட பந்து போகும் பாதைக்குச் செங்குத்தாக வெள்ளை பிரியும். உருண்டுகொண்டே வந்து, கால்பங்கிலிருந்து முக்கால்பங்கு வரை எந்த அளவில் மோதினாலும், வந்த திசையிலிருந்து சுமார் முப்பது டிகிரி விலகும். இந்த இரண்டை மனதில் பதித்துக்கொண்டாலே பாதி ஆட்டத்தில் வெள்ளையின் போக்கை முன்கூட்டிச் சொல்லிவிடலாம். ஆராய்ச்சி நேற்றைக்குத் தொடங்கியதும் அல்ல. 1835-இல் காஸ்பார் குஸ்தாவ் கொரியாலிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கணிதத்தைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். வங்கக் கடல் புயல் ஏன் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களே, அதில் வரும் கொரியாலிஸ் விசை இவர் பெயரில்தான் இருக்கிறது. கடற்கரைக்காரர்களுக்கு இந்த மனிதரோடு பழைய தகராறு உண்டு என்று அறிந்தபோது மன்னர் வியக்கவில்லை. "புயலைக் கிளப்பினவன்தானே? இதையும் கிளப்பியிருப்பான்."

அடுத்த சண்டை பவுடரால் வந்தது. மன்னர் தன் சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பாவில் போரிக் பவுடர் கொண்டுவந்திருந்தார். மேசையின் துணி மேல் தூவுவதற்காக அவர் டப்பாவைத் திறந்ததும், பார்லரில் வேலை பார்க்கும் பையன் அலறியபடி ஓடி வந்தான். அந்தத் துணியின் விலையைச் சொன்னபோது மன்னரின் கை தானாகவே டப்பாவை மூடிவிட்டது.

இரண்டு ஆட்டங்களும் அடிப்படையிலேயே பிரிவது இங்கேதான். கேரத்தில் உராய்வு எதிரி. பலகையை மெருகேற்றுவது, பவுடர் போடுவது, துடைப்பது எல்லாம் அதை ஒழிக்கத்தான். பூலில் உராய்வுதான் முதலீடு. குச்சியின் நுனியில் தோல் ஒட்டியிருக்கும். அதன் மேல் நீல நிறச் சாக்கைத் தேய்ப்பார்கள். நுனி வழுக்காமல் பந்தைப் பற்றினால்தான் பந்தைச் சுழலவிட முடியும். நுனியில் தோல் வைத்த பெருமை பிரான்சுவா மேங்கோ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரிக்குச் சொல்லப்படுகிறது. பாரிஸில் சிறையில் இருந்தபோது அங்கிருந்த மேசையில் ஆடி ஆடிக் கண்டுபிடித்தாராம். 1807-இல் விடுதலை வந்தபோது, பயிற்சி முடியவில்லை, இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே இருக்கிறேன் என்று கேட்டதாக ஒரு கதையும் உலவுகிறது. உண்மையோ பொய்யோ, பூல் ஆடுகிறவர்கள் யாரும் அதை நம்ப மறுத்ததில்லை. சாக்கு என்று சொல்கிறோமே தவிர, பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டிக்கும் அதற்கும் உறவில்லை. வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரும் 1897-இல் காப்புரிமை வாங்கிய கலவையின் வாரிசு அது.

சுழற்சி என்று ஒன்று இருப்பது தெரிந்தபிறகு மன்னர் கெட்டுப்போனார். பூல் பழகுகிற எல்லோருக்கும் வருகிற அம்மை இது. சிலருக்கு ஆயுசுக்கும் இறங்குவதில்லை. வெள்ளையின் கீழே குத்தினால் பின்னால் வரும், மேலே குத்தினால் முன்னால் ஓடும், பக்கத்தில் குத்தினால் விளிம்பில் பட்டு வேறு கோணத்தில் திரும்பும். குழிக்கு நேராக, கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய பந்தையும் மன்னர் பக்கவாட்டில் சுழற்றித்தான் அடித்தார். பக்கச் சுழற்சி கொடுத்தால் வெள்ளை குறிவைத்த கோட்டிலிருந்து கொஞ்சம் விலகியே கிளம்பும் என்பது அவருக்குச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். இரவில் படுக்கையில் கைப்பேசியை மூக்குக்கு மேல் பிடித்தபடி எஃப்ரன் ரேயஸின் ஆட்டங்களையே பார்த்தார்.

பிலிப்பைன்ஸ்காரரான ரேயஸ் சிறுவயதிலேயே மணிலாவில் மாமா நடத்திய பூல் கூடத்துக்கு வந்துசேர்ந்தவர். மேசை எட்டாததால் கோக்கோ கோலாப் பெட்டிகளை அடுக்கி மேலே ஏறி நின்று ஆடினார். ராத்திரி படுக்க இடம் அந்த மேசைதான். 1999-இல் கார்டிஃபில் உலக நைன்-பால் பட்டம் வென்றார். 'மந்திரவாதி' என்பது அவருடைய பட்டப்பெயர். இணையத்தில் கிடைக்கும் துண்டுப் படங்களில் அவருடைய வெள்ளைப் பந்து மூன்று விளிம்பில் பட்டு, இரண்டு பந்துக்கு நடுவே நுழைந்து, நாலாவதைத் தள்ளிவிடும். மன்னருக்கு அதுதான் பூல். ஆனால் அதே ரேயஸின் ஒரு முழு ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் தூக்கம் வரும். முக்கால்வாசிப் பந்துகள் குழந்தைகூடப் போடும் இடத்தில் நிற்கின்றன. அந்த இடத்துக்கு வெள்ளையை முந்தின அடியிலேயே அவர் கொண்டுபோய் நிறுத்திவிட்டார் என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது. மந்திரம் போட வேண்டிய நிலைமை வருவது, அந்த வேலை எங்கோ ஓர் இடத்தில் தவறும்போது மட்டும்தான்.

அமெரிக்காவின் வில்லி மோஸ்கோனி 1954-இல் ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இடைவிடாமல் 526 பந்துகளைப் போட்டார். 2022-இல் ஸ்காட்லாந்தின் ஜெய்சன் ஷா அதை 714 வரை கொண்டுபோனார். எழுநூறு கஷ்டமான அடிகளை யாரும் வரிசையாக அடிக்க முடியாது. எழுநூறு சுலபமான அடிகளை வரிசையாக உண்டாக்கிக்கொள்ள முடியும், அவ்வளவுதான். இதை எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

மன்னரின் சுழற்சிக் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்தவர் ஒரு பழைய மார்க்கர். பில்லியர்ட்ஸ் அறைகளில் எண்ணிக்கை குறித்து, பந்து எடுத்து வைத்து, குச்சி பார்த்துக் கொடுத்து, கூடவே உறுப்பினர்களை ஜெயிக்கவிட்டும் தோற்கவிட்டும் பிழைப்பவர்தான் மார்க்கர். இந்தியாவில் இந்த ஆட்டம் வளர்ந்ததில் அவர்கள் பங்கை யாரும் பெரிதாக எழுதிவைக்கவில்லை. ஒரு கிளப்பில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர், சாயங்காலங்களில் பார்லரின் மூலை நாற்காலியில் வந்து உட்காருவார். எல்லோரையும் சார் என்றுதான் கூப்பிடுவார்; திட்டும்போதும் அப்படியே.

"சார், பந்தையெல்லாம் எடுத்துருங்க."

"எடுத்துட்டு?"

"வெள்ளையை மட்டும் வைங்க. நேரா அந்தப் பக்கத்து விளிம்புல அடிச்சு, திரும்பி வந்து உங்க குச்சி நுனியிலயே படணும்."

பந்தே போடாத பந்தாட்டம். மன்னருக்கு அவமானமாகிவிட்டது. ஆனால் அடித்துப் பார்த்தபோது, நேராகப் போன பந்து திரும்பி வரும்போது ஒரு சாண் தள்ளி வந்தது. நடுவில் குத்துவதாகத்தான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். குச்சியோ பந்தின் வலப்பக்கத்தையே ரகசியமாகத் தடவிவந்திருக்கிறது. கேட்காமலேயே சுழற்சி கிடைத்துக்கொண்டிருந்தது!

அடுத்த நாள் பெரியவர் காலியான கண்ணாடிப் பாட்டில் ஒன்று கொண்டுவரச் சொன்னார். மேசை மேல் படுக்கவைத்த பாட்டிலின் வாய்க்குள் குச்சி நுனியை இடிக்காமல் விட்டு விட்டு எடுக்க வேண்டும். கை நேராகப் போகிறதா என்று காட்டிக்கொடுக்க இதைவிட மலிவான கருவி கிடையாது. மன்னர் முதலில் கொண்டுவந்தது கோலி சோடா பாட்டில். கழுத்தில் கோலி அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று பையன்கள் உருண்டு சிரித்த பிறகு, ஒரு பன்னீர் சோடா பாட்டில் வந்தது. குடித்த சோடாவுக்கு மன்னரே காசு கொடுத்தார் என்பதை இங்கே பதிவு செய்யலாம். அண்ணே என்று கூப்பிட்ட பையன்கள் அங்கிள் என்று மாறியதும் அந்த வாரத்தில்தான்.

"தலையை ஆட்டாதீங்க சார்" என்பது பெரியவரின் இரண்டாவது மந்திரம். அடித்த கையோடு நிமிர்ந்து, பந்து விழுகிறதா என்று எட்டிப் பார்க்கும் வியாதி எல்லோருக்கும் உண்டு. கண்ணைப் பற்றி ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தேர்ந்த பில்லியர்ட்ஸ்காரர்கள் அடிப்பதற்கு முன் கடைசியாக இலக்கின் மேல் வைக்கும் பார்வை, பழகுநர்களின் பார்வையைவிட நீளமாக இருந்தது. ஒரே ஆளிடத்திலும் விழுந்த அடிகளில் பார்வை நீண்டும், தவறிய அடிகளில் குறுகியும் இருந்தது. அந்த ஆய்வை நடத்திய மூவரில் ஒருவர் பெயர் மார்க் வில்லியம்ஸ். ஸ்னூக்கர் உலகச் சாம்பியன் மார்க் வில்லியம்ஸ் வேறு ஆள். பெயர்க் குழப்பம் இந்த விளையாட்டுக்குப் பரம்பரை வியாதி. ஜோ டேவிஸும் ஃப்ரெட் டேவிஸும் அண்ணன் தம்பி, ஸ்டீவ் டேவிஸ் அவர்களுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. ருடால்ஃப் வாண்டரோன் என்ற ஆட்டக்காரரோ, 1961-இல் வந்த 'தி ஹஸ்லர்' படத்தின் மின்னசோட்டா ஃபேட்ஸ் தானேதான் என்று சொல்லி அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டார். மூலநாவலை எழுதிய வால்டர் டெவிஸ் இல்லவே இல்லை என்று மறுத்தும் பயனில்லை. ஊர் அவரை ஃபேட்ஸ் என்றுதான் கூப்பிட்டது. 1978-இல் தொலைக்காட்சியில் மோஸ்கோனியோடு மோதியபோது ஃபேட்ஸ் வாயால் ஜெயித்தார், மேசையில் தோற்றார்.

குறிபார்ப்பதில் மட்டும் மன்னர் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறினார். காரணம் அவருடைய அப்பா. கடலுக்குள் எந்த அடையாளமும் இல்லாத நீர்ப்பரப்பில், கரையிலிருக்கும் கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னாலிருக்கும் ஒரு பனையையும் ஒரே கோட்டில் சேர்த்து, இன்னொரு திசையில் வேறு இரண்டைச் சேர்த்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்கிறது என்று நங்கூரம் போடுவார். பார்க்க முடியாத இடத்தைப் பார்க்கும் வித்தை. பூலிலும் இதுதான் நடக்கிறது. குழியிலிருந்து வண்ணப் பந்தின் நடுவழியாக ஒரு கோட்டை இழுத்து, அது பந்தின் பின்பக்கம் வெளிவரும் இடத்தில் இன்னொரு பந்து ஒட்டி நிற்பதாகக் கற்பனை செய்து, வெள்ளையை அந்த இல்லாத பந்தின் இடத்துக்கு அனுப்ப வேண்டும். பெரியவர் இதை விளக்க வாயெடுத்ததும் மன்னர், "அட, பார் பிடிக்கிறது!" என்றார். பெரியவருக்குப் புரியவில்லை. பந்து விழுந்தது.

சேப்டி ஆட்டத்துக்கு வந்தபோது மறுபடி மல்லுக்கட்டு. போட முடியாத நிலைமையில், எதிராளிக்கும் ஒன்றும் கிடைக்காதபடி வெள்ளையைக் கொண்டுபோய் ஒளித்துவைப்பதும் ஒரு திறமை என்று பெரியவர் சொன்னபோது, மன்னர் அதைக் கோழைத்தனம் என்றார். கேரம் மேசையில் வளர்ந்த ரோஷம் அப்படி. ஆனால் இந்த ஒளித்துவைக்கும் கலையையே உயிராகக் கொண்ட ஸ்னூக்கருக்கு முதன்முதலில் விதி எழுதி மாட்டிய இடம் நம் ஊட்டி. நெவில் சேம்பர்லேன் என்ற இளம் ராணுவ அதிகாரி 1875-இல் ஜபல்பூரில் மழைக்காலத்துப் பொழுதைப் போக்க, இருந்த பூல் ஆட்டத்தில் கூடுதல் வண்ணப் பந்துகளைச் சேர்த்தார். 1882-இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் அதன் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. இவரும், பிற்காலத்தில் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்த பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லேனும் ஒருவரல்ல. பெயர்க் குழப்ப வியாதி அன்றைக்கே தொடங்கிவிட்டது.

ஊட்டியில் எழுதிய அந்த விதிகளின் வம்சத்தில், 2025 நவம்பரில் தோகாவில் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் பெண்கள் உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர் ஏற்கெனவே மூன்று முறை உலகப் பட்டம் வென்றிருந்த ஹாங்காங்கின் உங் ஆன் யீ. கடைசி ஃப்ரேம்வரை இழுத்து, 3-2 என்று முடிந்தது. ஸ்னூக்கர் மேசை பன்னிரண்டடி, பந்து பூல் பந்தைவிடச் சின்னது, குழி இன்னும் இறுக்கம். அந்த அளவில் ஆடுகிறவர்கள் ஒரு பந்தைக்கூடப் போடாமல் மாறி மாறி ஒளித்துவைத்துக்கொண்டே நெடுநேரம் போவதுண்டு. மன்னர் அந்த மாதிரி ஆட்டங்களைக் கைப்பேசியில் பார்க்க ஆரம்பித்தார். "இந்தப் பிள்ளை என்ன இப்படிப் பொறுமையா இருக்கு?" என்று எரிச்சலோடு கேட்டுவிட்டு, அடுத்த நாள் வெள்ளையைக் கொண்டுபோய் எட்டாம் நம்பர் பந்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். எதிரே நின்ற பையன் விழித்தான். மன்னருக்கு அது ரெட்டும் ஃபாலோவும் சேர்ந்து விழுந்ததைவிட இனித்தது.

அந்தப் பையன் செய்த ஃபவுலில்தான் மன்னருக்குச் சொர்க்க வாசல் திறந்தது. பூலில் எதிராளி ஃபவுல் செய்தால் வெள்ளைப் பந்து நம் கைக்கு வரும். மேசையில் எங்கே வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். அதாவது அந்த ஓர் அடிக்கு மட்டும் பூல் கேரமாகிவிடும்! வெள்ளையைக் கையில் எடுத்ததும் மன்னரின் முகமே மாறிவிட்டது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இடம், வலம் நகர்த்தி, ஒற்றைக் கண்ணை மூடி, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு வைத்தார். வரிசையாக மூன்று விழுந்தன. அன்றிலிருந்து பார்லரில் ஒரு பொதுக்கருத்து உருவாகிவிட்டது: அங்கிளோடு ஆடும்போது தோற்றாலும் தோற்கலாம், ஃபவுல் மட்டும் செய்யக் கூடாது. பையன்களின் ஆட்டம் இதனால் வெகுவாகத் தேறியது. மன்னர் முன்னேறினாரோ இல்லையோ, அவரோடு ஆடியவர்கள் முன்னேறினார்கள்.

தோற்றவர் மேசைக்காசு கொடுக்க வேண்டும் என்பது பார்லர்களின் பொது வழக்கம். மணிக்கணக்கில் வாடகை ஓடும். இதை வீட்டுக்குத் தெரியாமல் சமாளிக்க முடியாத நிலைக்கு வந்தபோது மன்னர் ஒரு யோசனையோடு வீட்டுக்கு வந்தார். கீழவைப்பாரிலேயே, வீட்டிலேயே, ஒரு மேசை போட்டுவிட்டால்? மேசைக்காசு மிச்சம், ஊரே ஆடலாம்.

தாளில் கணக்குப் போட்டார். ஆடும் பரப்பு 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். குச்சி 58 அங்குலம். நாலு பக்கமும் குச்சி சுவரில் இடிக்காமல் இருக்க, அறை குறைந்தது பதினெட்டடி நீளமும் பதினாலடி அகலமும் இருக்க வேண்டும். அவர் வீட்டில் அப்படி ஓர் அறையை உண்டாக்க நடுச்சுவரை இடித்தாக வேண்டும். மேசையின் அடித்தளம் மரமல்ல, ஓர் அங்குலக் கனமுள்ள கற்பலகை. மொத்த எடை நானூறு கிலோவுக்குக் குறையாது. உப்புக்காற்று வேறு. துணி ஈரம் குடித்தால் பந்து மந்தமாகும். பெரிய ஸ்னூக்கர் போட்டிகளில் கற்பலகைக்கு அடியில் மின்சார ஹீட்டர் வைத்துச் சூடாக்குகிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தார். ஹீட்டர் விஷயத்தை மட்டும் மறைத்துவிட்டு, மற்றதையெல்லாம் மனைவியிடம் விளக்கினார். அவர் மீனை அலசிக்கொண்டே கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்போ கட்டிலை எங்கே போடுறது?"

மன்னர் இதற்குத் தயாராக வந்திருந்தார். "எஃப்ரன் ரேயஸ்னு ஒருத்தர். உலகச் சாம்பியன். அவரே மேசை மேலதான் படுத்துத் தூங்குவாராம்."

"அப்போ அவருக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சாமா?"